இகுவானா கூண்டின் தரையில் என்ன போடுவது? 3 அடி கண்ணாடித் தொட்டி எத்தனை நாள் தாங்கும்?

ரெட்டியார்பாளையம்_2வதுமாடி
வணக்கம். பச்சை இகுவானா, 8 மாசம், மூக்குலேர்ந்து வால் நுனி வரைக்கும் 70 செ.மீ. இப்ப இருக்கறது 3 அடி நீளம், ஒன்றரை அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி, மேல வலை மூடி. கீழ 2 இன்ச் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). வலைக்கு மேல ஒரு சுருள் யுவிபி (வெயிலுக்குப் பதிலா புறஊதாக் கதிர் தர்ற) பல்ப், ஒரு 100 வாட் குண்டு பல்ப். மழை ஆரம்பிச்சதுலேர்ந்து கோகோபீட்ல வெள்ளை வெள்ளையா பூஞ்சை படருது. எடுத்துட்டு மரத்தூள் போடலாமா, இல்ல கடல் மணலை அலசிப் போடலாமா? மெத்துனு இருந்தாதானே அதுக்கு சௌகரியம்? இந்தத் தொட்டி இன்னும் எத்தனை மாசம் வரும்னும் சொல்லுங்க.

இலைதின்னி
மூன்றுமே வேண்டாம். இன்றே அள்ளிக் கொட்டிவிட்டுச் செய்தித்தாள் நாலு மடிப்பாக விரித்துவிடுங்கள்.

"மெத்தென்று" என்ற எண்ணத்திலிருந்துதான் பாதித் தவறு தொடங்குகிறது. இகுவானா மரத்தில் வாழ்கிற பிராணி. படுப்பது, வெயில் காய்வது, தூங்குவது எல்லாம் கிளையில். தரை என்பது அதற்கு மலம் விழும் இடம், அவ்வளவுதான். ஆகவே தரைக்கு இரண்டே தகுதி போதும்: வாயில் போகக்கூடாது, ஒரு நிமிஷத்தில் துடைக்க வரவேண்டும்.

வாயில் போவது ஏன் பெரிய விஷயம் என்றால், இகுவானா எதையும் நாக்கால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. நடக்கிற வழியெல்லாம் நக்கிக்கொண்டே போகும். ஈரக் கீரையைத் தரையில் இழுத்துத் தின்றால் ஒவ்வொரு இலையிலும் தூள் ஒட்டிக்கொண்டு போகும். அது முழு இலைதின்னி. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துத்தான் சத்து கிடைக்கிறது. அங்கே மணலோ நாரோ சேர்ந்தால் வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். மரத்தூளில் இன்னொரு கெடுதலும் உண்டு. மரக்கடைத் தூள் எந்த மரத்தினுடையது என்று கடைக்காரருக்கே தெரியாது. பைன், தேவதாரு வகைகளின் எண்ணெய் வாசம் மூச்சுக்குழாயை அரிக்கும். ப்ளைவுட் தூளில் பசையும் கலந்திருக்கும்.

பாகூர்_தோட்டம்
கோகோபீட்டை இப்படி ஒரேயடியா ஒதுக்கறது சரியில்லைங்க. வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் அதைத்தான் போடறாங்க. ஈரப்பதம் பிடிச்சு வைக்கும், வாடை அடிக்காது. நல்லா அலசி, பிழிஞ்சு போட்டா தப்பில்ல.

இலைதின்னி
அங்கே போடுவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் போய்விடும். இகுவானாவுக்கு 65 முதல் 75 வேண்டும். அதனால் தரையிலேயே ஈரத்தைத் தேக்கிவைக்கிறார்கள். நம் புதுச்சேரி, கடலூர்க் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் சன்னலைத் திறந்தாலே 80க்கு மேல் காட்டும். அவர்கள் பிரச்சினைக்கான மருந்தை நாம் ஏன் குடிக்கவேண்டும்? நம் பிரச்சினை நேரெதிர்: காயாத ஈரம், பூஞ்சை, அதனால் வயிற்றடியில் கொப்புளம், செதிலழுகல்.

இன்னொன்று, உப்புத்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். செடிக்கே அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசித்தான் போடுகிறோம்.

பாகூர்_தோட்டம்
உப்பு விஷயம் சரிதான். செடிக்கே கருகும். அப்ப வெயில் மாசத்துல ஈரத்துக்கு என்ன பண்றது?

இலைதின்னி
காலை ஒரு தடவை, சாயந்திரம் விளக்கணைய ரெண்டு மணி நேரம் முன்னே ஒரு தடவை இலை மேல் தண்ணீர் தெளிப்பு. உடம்பு முழுக்க இறங்கும் அளவு ஒரு பேசின் தண்ணீர். அதற்கு மேல் தேவைப்படாது. இகுவானா பெரும்பாலும் தண்ணீரில்தான் கழியும். அந்தப் பேசினே கக்கூஸ் ஆகிவிட்டால் தரைச் சண்டை பாதி முடிந்தது. தினமும் மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

வெட்பக்கம்
ஏற்கெனவே கோகோபீட்டில் இருந்திருப்பதால் அடைப்புக்கான அறிகுறிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் மலம் இல்லை, வயிறு உப்பிக் கெட்டியாக இருக்கிறது, தீனியில் நாட்டமில்லை, பின்னங்கால்களை இழுக்கிறது அல்லது நடுங்குகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் தோள் மட்டம் வரை 15, 20 நிமிஷம் விடுவது. விளக்கெண்ணெய் புகட்டுவது, வயிற்றை அழுத்தி நீவுவது இரண்டும் ஆபத்து. எண்ணெய் மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா.

எக்ஸ்ரே பார்க்கவேண்டும். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கும் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியைவிட அதுதான் கிட்டே. ஊர்வன பார்க்கும் மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் உண்டு. பின்னங்கால் நடுக்கம் சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் வரும். யுவிபி சரியில்லாத குட்டிகளில் அதுதான் முதலில் வரும். வலைக்கு மேலே சுருள் பல்ப் என்கிறீர்கள். சந்தேகப்படவேண்டிய அமைப்பு.

உப்புக்காத்து
தினத்தாள் போதும்னு சொன்னதுக்கு ஒரு ஓட்டு. வேற என்ன போடலாம்னு பட்டியல் கேட்டு நாலு பேர் வருவாங்க, அதனால இப்பவே:

வினைல் ஃப்ளோர் ஷீட் நல்லது. வழவழப்பா இல்லாம, லேசா சொரசொரப்பு உள்ளதா பாருங்க. நாலு ஓரமும் 2 இன்ச் மேல மடிச்சு ஏத்தி விட்டா தண்ணி பலகைக்குள்ள போகாது. புதுசுல வாடை அடிக்கும், பத்து நாள் வெயில் படாத காத்துல தொங்கவிட்டுப் போடுங்க. தரை டைல்ஸும் சரி, மேட் ஃபினிஷ் மட்டும். கிளாஸி டைல்ல நகம் வழுக்கி இடுப்பு விரியும், குட்டிக்கு அது கெடுதல்.

பிளாஸ்டிக் பச்சைப் புல் மேட்: போடலாம், ஆனா வெட்டின ஓரத்துல நூல் பிரியும். அதைத் தின்னும், இல்லாட்டி விரல்ல சுத்திக்கும். ஓரத்தை லைட்டர்ல உருக்கி அடைக்கணும். ரெண்டு துண்டு வாங்கி, ஒண்ணு கழுவிக் காயும்போது இன்னொண்ணு.

கோரைப்பாய், சாக்கு, கயிறு சுத்தின கிளை, இதெல்லாம் பார்க்க அழகு. நார் ஒண்ணு விரல் முட்டில இறுகினா ரெண்டு நாள்ல விரல் கருத்துடும். வேண்டாம்.

ரெட்டியார்பாளையம்_2வதுமாடி
கோகோபீட் எடுத்தாச்சு, பேப்பர் போட்டாச்சு. மலம் நேத்து வந்துச்சு, கால் நடுக்கம் இல்ல. அப்ப வீடு?

சவுக்குத்தோப்பு
இந்தக் கண்ணாடித் தொட்டி இப்பவே சின்னது. ஆண் இகுவானா வாலோட சேர்த்து அஞ்சு, ஆறு அடி வரும், 5 கிலோ போகும், நல்லா வச்சா 15 வருஷம் இருக்கும். 2 அடி வளந்ததும் ஒரு கூண்டு, 4 அடி ஆனதும் ஒரு கூண்டுன்னு மூணு தடவை செலவு பண்றதவிட ஒரே தடவையா பெருசு பண்ணிடுங்க. குட்டிக்குப் பெரிய கூண்டுல தீனி கிடைக்காதுன்னு சொல்வாங்க. கிளையை நெருக்கமா கட்டி, தட்டை வெயில் காயற பலகைக்குப் பக்கத்துலயே வச்சா போதும்.

பெருசுக்குக் கீழ்வரம்புன்னு பொதுவா சொல்றது 6 அடி அகலம், 6 அடி உயரம், 3 அடி ஆழம். இதுல ஒரு கணக்கு கேளுங்க. 12 எம்எம் பிவிசி ஃபோம் போர்டு 8க்கு 4 ஷீட்டா வருது. முன்பக்கக் கதவை விட்டுட்டுச் சதுர அடி கூட்டினா 108, நாலு ஷீட்டுல முடியும்னு தோணும். ஆனா வெட்டிப் பாருங்க. பக்கம் 6க்கு 3 ரெண்டு, மேல கீழ 6க்கு 3 ரெண்டு, ஒவ்வொண்ணும் ஒரு ஷீட்டைத் தின்னும், ஒரு அடிப் பட்டை வீணாப் போவும். முதுகு 6க்கு 6, அது ஒரு ஷீட்டுல வராது, ஒட்டணும். துண்டு துண்டா ஒட்டாம பண்ணா 6 ஷீட்.

அதே 6 ஷீட்டுல 8 அடி அகலம், 4 அடி ஆழம், 6 அடி உயரம் வரும். மேல கீழ முழு ஷீட்டு ரெண்டு, பக்கம் 6க்கு 4 ரெண்டு, முதுகு ஒண்ணரை. இடம் இருந்தா எதுக்குச் சின்னதா பண்ணணும்? இடம் இல்லன்னா, 3 அடி ஆழத்தைக் குறைக்காதீங்க. 2 அடி ஆழத்துல பெருசு திரும்பும்போது வால் முட்டி நுனி ஒடியும்.

ப்ளைவுட்ல பண்ணலாம், ஆனா உள்பக்கம் எபாக்ஸி அடிச்சு, மூலையெல்லாம் அக்வேரியம் சிலிக்கான் வச்சு, மூணு வாரம் காய விடணும். வாடை துளி அடிச்சாலும் உள்ள விடக் கூடாது.

உப்புக்காத்து
கூண்டு வலை பத்திச் சொல்றேன். கடல்லேர்ந்து ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசின இரும்பு வலை) சீக்கிரமே வெள்ளைப் பொடி உதிர ஆரம்பிக்கும். அது துத்தநாகம், நக்கினா விஷம். எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இல்லாட்டி பிவிசி பூசின மெஷ், அரை இன்ச் கண்ணி. பிவிசி பூசினது மூக்கையும் காப்பாத்தும். வெறும் கம்பில மூக்கை உரசி உரசிப் புண்ணாக்கிக்கும். ஸ்க்ரூ, கீல், தாழ்ப்பாள் எல்லாமே எஸ்எஸ். கூண்டு பண்ணி முடிச்சு, கீலுக்கு இரும்பு போட்டு, மறு மழைக்குக் கதவு கழண்டு விழறது சகஜம்.

காத்து: ஒரு பக்கப் பலகைல கீழ 4 இன்ச் உயரத்துக்கு நீளமா வலை, எதிர்ப்பக்கம் மேல அதே மாதிரி. சூடு மேல போக, கீழ புதுக் காத்து வரும். மழைக் காலத்துப் பூஞ்சைக்கு இதைவிட நல்ல மருந்தில்ல. கண்ணாடித் தொட்டில மேல மட்டும்தான் வழி, அதனாலதான் அடில ஈரம் குந்திக்கிது.

இலைதின்னி
விளக்கு பற்றி விரிவாக. இது தவறினால் கூண்டு எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

யுவிபிக்குச் சுருள் பல்ப் வேண்டாம். ஒளி ஒரு சின்ன இடத்தில் விழும். அதிலும் மெல்லிய வலை முப்பது, நாற்பது சதவீதத்தைத் தின்றுவிடும். கண்ணாடியும் அக்ரிலிக்கும் யுவிபியைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும். ஆகவே சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் "நல்ல வெயிலில்" வைத்திருக்கிறேன் என்பது கணக்கில் சேராது. நீளமான டி5 ஹெச்ஓ குழல் (மெல்லிய, அதிக ஒளி தரும் ட்யூப் லைட்), யுவிபி 10 முதல் 12 சதவீதம் என்று போட்டது, கூண்டுக்குள்ளேயே கூரையில், கம்பிக் கவசத்தோடு. கிளையில் படுத்திருக்கும் இகுவானாவின் முதுகுக்கும் குழலுக்கும் 30 முதல் 40 செ.மீ. பகலில் 12 மணி நேரம். 12 மாதத்தில் மாற்றவேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் வடிந்திருக்கும். குழலின் முனையில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதிவையுங்கள்.

சூட்டுக்கு: வெயில் காயும் இடத்தில் 35 முதல் 38 டிகிரி, கூண்டின் குளிர்ந்த பக்கம் 26, 27. இங்கே பலரும் செய்யும் பிழை, ஒரே 150 வாட் பல்பைப் போடுவது. பல்பின் சூடு ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் குவிகிறது. பெரிய இகுவானாவின் உடம்பு அதைவிட நீளம். நடுமுதுகு கொதிக்கும், இடுப்பு குளிர்ந்தே இருக்கும். உடம்பு இன்னும் சூடாகவில்லை என்று அது எழுந்திருக்காமல் படுத்தே இருக்கும், முதுகுத் தோல் பொசுங்கும். 60 அல்லது 75 வாட் பல்ப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். யுவிபி குழலும் அதே இடத்தின் மேலேதான். ஒளியும் சூடும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

மின்சாரக் கல் என்று விற்பதை வாங்கவே வேண்டாம். வயிற்றடியில் சூட்டை உணர்வது இதற்குக் குறைவு. வெந்தபிறகுதான் நமக்கே தெரியும்.

ரெட்டியார்பாளையம்_2வதுமாடி
ராத்திரிக்கு சிவப்பு பல்ப் போடணும்னு விக்கறவங்க சொன்னாங்க.

உப்புக்காத்து
வேண்டாம். அது தூக்கத்தைக் கெடுக்கும். நம்ம ஊர்ல மார்கழிலயே ராத்திரி ரொம்பக் குளிராது, வீட்டுக்குள்ள இன்னும் சூடா இருக்கும். ஏசி ரூம்ல வச்சிருந்தா மட்டும் யோசிக்கணும். அதுக்கு ஒளி வராத செராமிக் ஹீட்டர் 100 வாட், எஸ்டிசி 1000 மாதிரி ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர், 24ல போட்டு 26ல நிறுத்தற மாதிரி. சென்சார் முனையை ஹீட்டருக்கு நேர் கீழ தொங்க விடாதீங்க, இகுவானா படுக்கற கிளை மட்டத்துல கட்டுங்க. ஹீட்டரைச் சுத்திக் கூடு கட்டாயம். இது ஏறித் தொத்தும்.

ஹோல்டர் பீங்கான்ல இருக்கணும், பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிடும். தண்ணிப் பேசின் இருக்கற கூண்டுக்குக் கரண்ட் குடுக்கறோம், அதனால 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்தற சுவிட்ச்) இல்லாத லைன்ல மாட்டாதீங்க.

முதுநகர்_வாசகி
புயல் சமயத்துல கரண்ட் போனா? 2011ல தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல பல ஊருக்கு நாள் கணக்குல இல்ல, வாரக் கணக்குல கரண்ட் இல்ல. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல மழை. தரைத்தளத்துல கூண்டு வச்சிருக்கறவங்களுக்கு இது முக்கியம்.

உப்புக்காத்து
சரியான கேள்விங்க. தரைத்தளம்னா கூண்டை 2 அடி ஸ்டாண்டு மேல ஏத்துங்க, ப்ளக் பாயிண்ட் அதுக்கும் மேல. 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி 100 வாட் ஹீட்டர் ஒண்ணை மட்டும் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓட்டும். ஃபேனும் டிவியும் சேர்ந்தா கணக்கு மாறும். அதுவும் போயிட்டா, சுடுதண்ணி பாட்டிலைத் துண்டுல சுத்தி, இகுவானாவைத் தலையணை உறைல போட்டுப் பக்கத்துல வைங்க. கரி அடுப்பு, மெழுகுவர்த்தி கூண்டுகிட்ட கூடாது, புகை.

இலைதின்னி
சூடு இல்லாத நாட்களில் தீனி போடாதீர்கள். உடம்பு 30ஐத் தொடாவிட்டால் செரிக்காது, தின்றது வயிற்றிலேயே புளிக்கும். ஆரோக்கியமான பெரிய இகுவானா இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். மே மாதம்தான் எனக்கு அதிகக் கவலை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கூண்டு வைத்தால் மத்தியானம் உள்ளே 45க்குப் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

மாடியில் வெயில் காட்டுவது நல்லதுதான், சூரியனுக்கு ஈடான பல்ப் இல்லை. ஆனால் வலைக்கூண்டில், பாதிக்கு 50 சதவீத நிழல்வலை போட்டு, சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள். கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கி வெயிலில் வைத்தால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். காக்கை, பூனைக்கும் ஒரு கண் இருக்கட்டும்.

வெட்பக்கம்
சுத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃபினாயில் கூடாது. பீனால் வகை எதுவும் ஊர்வனவற்றுக்கு விஷம். வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, பிராணியை வெளியே எடுத்துவிட்டு, முதலில் அழுக்கைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு இதைப் பூசிப் பத்து நிமிஷம், நல்ல தண்ணீரில் அலசி, வாடை போகும்வரை காயவிடுங்கள். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் வேலை செய்யாது. பழைய பீரோவைக் கூண்டாக மாற்றுபவர்கள் பாச்சை உருண்டை வாடை இருக்கிறதா பாருங்கள். அந்த மரத்தில் ஊறிய நாப்தலின் எளிதில் போகாது. கொசுவர்த்தி, லிக்விட் மெஷின் அதே அறையில் வேண்டாம், கொசுவலை போடுங்கள்.

பேசினைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். சால்மொனெல்லா இகுவானாவின் குடலில் சாதாரணமாகவே இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யாது. 5 வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு அது ஆபத்து.

முதுநகர்_வாசகி
பொண்ணா இருந்தா? எதையாவது தோண்டப் பார்க்கும்னு படிச்சேன்.

இலைதின்னி
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். மேலே "மணல் கூடாது" என்று சொன்னதற்கு ஒரே விலக்கு அதுதான். பெண் இகுவானா ஆண் இல்லாமலே முட்டை வைக்கும், 2 வயதுக்கு மேல் எந்த வருஷமும். வயிறு பெருத்து, தீனியைக் குறைத்து, மூலையைப் பிறாண்டினால் தனியாக ஒரு முட்டைப் பெட்டி வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப், குறைந்தது 2 அடிக்கு ஒன்றரை அடி, உள்ளே ஓர் அடி ஆழத்துக்கு ஆற்றுமணலும் மண்ணும் பாதிப்பாதி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம். பக்கத்தில் உடம்பு நுழையும் அளவு துளை. தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துக்கொள்ளும், அது அறுவை சிகிச்சையில் போய் நிற்கும். முட்டை வைத்து முடிந்ததும் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

உப்புக்காத்து
ரெண்டாவது இகுவானா வாங்கித் துணைக்கு விடலாமான்னு அடுத்த கேள்வி வரும். கூடாது. அடிச்சுக்கலன்னாலும், பெருசு வெயில் காயற கிளையைப் பிடிச்சுக்கிட்டுச் சின்னதைக் கீழயே வச்சிருக்கும். சின்னது சாதுவா இருக்குன்னு நாம நினைப்போம், அது குளிர்ல கிடக்கும்.

வெட்பக்கம்
பதிவு செய்துவிட்டீர்களா? இகுவானா சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) 2ஆம் இணைப்பில் உள்ள இனம். 2022 திருத்தத்துக்குப் பிறகு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் அட்டவணையில் வருகிறது. 2024 பிப்ரவரி 28இல் அறிவித்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு கட்டாயம். கைமாறினாலும் இறந்தாலும் அதிலேயே தெரிவிக்கவேண்டும். விற்றவரிடம் காகிதம் கேட்டு வாங்கிவையுங்கள். உடும்பு வேறு கதை. அது முதல் அட்டவணை, வீட்டில் வைப்பதே குற்றம்.

ரெட்டியார்பாளையம்_2வதுமாடி
காகிதம் இருக்கு, பதிவு இந்த வாரம் பண்ணிடறேன். கூண்டு 8க்கு 4 நுழையாது, 6க்கு 3 தான். குழலுக்கு ஆர்டர் போட்டாச்சு. கிளைக்கு மட்டும் சொல்லுங்க. பண்ருட்டில சொந்தக்காரங்க தோப்புல முந்திரிக் கிளை வெட்டிப் போட்டிருக்காங்க, சும்மாவே எடுத்துக்கலாம்.

சவுக்குத்தோப்பு
முந்திரி வேண்டாம். கொட்டை ஓட்டு எண்ணெய் கையைப் பொத்துப்போட வைக்கும்னு பண்ருட்டிக்காரங்களுக்கு நான் சொல்லவேணாம். மாவும் அதே குடும்பம், அதோட பாலும் தோலை அரிக்கும். பலாக் கிளைல பால் பிசுபிசுப்பு. அரளியைக் கிட்டயே கொண்டுவராதீங்க.

நம்ம பக்கம் சவுக்குக்குக் குறைவா? நாலு இன்ச் தடிமன் கழி ரெண்டு, மூணு இன்ச்ல ரெண்டு எடுங்க. கிளை எப்பவும் அது உடம்புத் தடிமனுக்குக் குறையக் கூடாது. பட்டையை உரிச்சு, ஒரு வாரம் வெயில்ல போட்டு, கொதிதண்ணி ஊத்திக் கழுவுங்க. உரிச்ச கழி வழுக்கும், அரத்தால குறுக்க குறுக்க லேசா கீறி விடுங்க. ஒரு முனை தரைல, ஒரு முனை பலகைலன்னு சாய்ச்சு, ரெண்டு முனையும் வெளிப்பக்கத்துலேர்ந்து எஸ்எஸ் போல்ட் போட்டு முடுக்குங்க. கட்டி வச்சா 5 கிலோ தாவும்போது உருண்டுடும். ஃபோம் போர்டுல போல்ட் தனியா நிக்காது, பின்னாடி ஒரு ரீப்பர் கட்டை வச்சு, அதுல முடுக்கணும்.

ரெட்டியார்பாளையம்_2வதுமாடி
கொய்யா?

சவுக்குத்தோப்பு
கொய்யா அருமை. இலையோட வைங்க, தின்னும். மருந்தடிச்ச மரமான்னு மட்டும் கேட்டுக்குங்க.